பதில் வாராத முகவரிகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

நம் துறையிலிருந்து வாரந்தோறும் ஒரு மின்னஞ்சல் மடல் வெளிவருவதை நண்பர்கள் பலர் அறிவீர்கள். அறியாதோரும் பலர் இருக்கின்றீர்கள். அதுவே இக்கட்டுரை எழுந்த காரணம். தேர்வாணைய அறிவிப்புகள், உதவித்தொகைக்கான கடைசி நாள்கள், இலவசப் பயிற்சி வகுப்புகள், முதுகலைச் சேர்க்கை விவரங்கள் ஆகியவற்றை ஒன்றுதிரட்டி, பயிலும் மாணவர்க்கும் படித்து முடித்துச் சென்றோர்க்கும் அனுப்பும் சிறிய மடல் அது. சந்தாப் பணம் கிடையாது. சேர்க்கையின்போது தந்த முகவரியே சந்தா.

சென்ற ஆண்டு இறுதியில் அப்பணி எங்கள் வகுப்பு மாணவர் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பட்டியலில் 430 முகவரிகள் இருந்தன. பொறுப்பாசிரியர் அவர்கள் எங்களுக்கு இட்ட முதல் வேலை மடல் எழுதுவதன்று. "முதலில் இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஆறு மாதமாகத் திறந்தே பார்க்காதவர்களை எடுத்துவிடுங்கள்" என்றார். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை என்றே நானும் எண்ணினேன்.

படிக்காதவருக்கு ஏன் அனுப்புவது என்பது யாவர்க்கும் விளங்கும். ஆனால், படிக்காதவருக்கு அனுப்பினால்தான் என்ன நட்டம்? அஞ்சல் தலையா ஒட்டுகின்றோம்? இவ்வினாவை நானே எழுப்பினேன். விடை தேடப் புகுந்தபோதுதான் மின்னஞ்சல் உலகின் நடைமுறை ஓரளவு விளங்கிற்று.

அதனை நம் ஊர் வழக்கில் சொல்லலாம். ஓர் ஊர்த் தபால்காரரிடம் ஒருவர் நாள்தோறும் நூறு கடிதங்கள் கொடுக்கின்றார் எனக் கொள்வோம். அவற்றுள் இருபது வீடுகளில் ஆளே இல்லை. முப்பது வீட்டார் கடிதத்தைப் பிரிக்காமலே திண்ணையில் போட்டுவிடுகின்றனர். இருவர் "இந்தக் குப்பையை இனிக் கொண்டுவராதே" என்கின்றனர். சில நாள்களில் அத்தபால்காரர் அந்த ஆளின் கடிதக்கட்டு முழுவதையுமே ஐயத்தோடு பார்க்கத் தொடங்குவார் அல்லவா? கூகுள், யாகூ போன்ற அஞ்சல் பெட்டி நிறுவனங்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். இல்லாத முகவரிக்கு அடிக்கடி அனுப்புபவர், பெறுவோரால் 'வேண்டாத அஞ்சல்' என்று குறிக்கப்படுபவர், எவரும் திறந்து பாராத மடல்களை அனுப்பிக்கொண்டே இருப்பவர் ஆகியோரின் மதிப்பு குறைகின்றது. மதிப்புக் குறைந்தால் ஆவலோடு காத்திருப்பவருக்கு அனுப்பும் மடலும் வேண்டாத அஞ்சல் பகுதியிலேயே போய் விழும்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இவ்விரு நிறுவனங்களும் இதனை எழுதப்பட்ட விதியாகவே ஆக்கிவிட்டன. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர், ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தரவேண்டும். புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது. அஃதாவது ஆயிரம் பேரில் மூவர் முகம் சுளித்தாலே ஆபத்து. நம் மடல் அவ்வளவு பெரியதன்று என்றாலும், சிறியவர் பெரியவர் என்று பாராமல் மதிப்பீடு எல்லார்க்கும் நடந்துகொண்டுதான் இருக்கின்றது.

வேறோர் ஆபத்தும் உண்டு. கைவிடப்பட்ட முகவரி என்றும் வெறுமையாகவே கிடக்கும் என்று சொல்வதற்கில்லை. 2013ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம், ஓராண்டுக்கு மேல் பயன்படாமல் கிடந்த முகவரிகளை விடுவித்துப் புதியவர்களுக்கு வழங்கியது. பழைய ஆளுக்கு எழுதிய கடிதம் முன்பின் அறியாத ஒருவர் கையில் விழுந்தது. சில முகவரிகளோ, பட்டியலைப் பேணாமல் அனுப்புவோரைக் கண்டுபிடிப்பதற்கென்றே பொறியாக வைக்கப்படுவதும் உண்டு. ஆகவே நீக்கத்தான் வேண்டும். இதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

திறந்தாரா, திறக்கவில்லையா?

நீக்குவது என்றால் யாரை? 'திறக்காதவரை' என்றார் ஆசிரியர். திறந்தார் என்பதை எப்படி அறிகின்றோம்? மடலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் வைக்கப்படுகின்றது. மடலைத் திறக்கும்போது அப்படம் அனுப்பியவரின் கணினியிலிருந்து வரவழைக்கப்படும்; வரவழைக்கப்பட்டதை எண்ணி 'திறந்தார்' எனக் கணக்கு வைக்கின்றனர். பெறுபவர் படங்களை வரவிடாமல் வைத்திருந்தால் அவர் முழு மடலையும் படித்திருந்தாலும் படிக்காதவரே. மாறாக, 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதனை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வரும் படங்களை அந்நிறுவனமே முன்கூட்டி வாங்கி வைத்துவிடும். அவர் மடலைத் தொடாவிட்டாலும் 'திறந்தார்' என்றே கணக்கில் ஏறும்.

கணிதம் பயில்வோர்க்கு இது சுவையான செய்தி. ஓர் அளவுகோல் இரு திசைகளிலும் பிழை காட்டுகின்றது. அதிலும் ஆளுக்கேற்பப் பிழை மாறுகின்றது. விலை உயர்ந்த கைப்பேசி வைத்திருப்பவர் படிக்காமலே படித்தவராகின்றார். விலை குறைந்த கைப்பேசியில், டேட்டா மிச்சம் பிடிக்கப் படங்களை நிறுத்தி வைத்திருப்பவர் படித்தும் படிக்காதவராகின்றார். இணைப்பைச் சொடுக்கினாரா, பதில் எழுதினாரா என்று பார்ப்பதே இதனினும் நம்பத்தக்கது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் முடித்து, ஆறு மாதமாகத் திறந்ததாகவும் சொடுக்கியதாகவும் காட்டாத 172 முகவரிகளை நான் தனியே பிரித்து எடுத்தேன். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அது என் முகவரி.

முகவரி பிறந்த கதை

எங்கள் ஊர் பிரம்மதேசம். பாதாளீசுவரர் கோயிலும் பிரம்மபுரீசுவரர் கோயிலும் அங்கே இருக்கின்றன. பக்கத்து ஊர் எண்ணாயிரம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கே 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நடந்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. இவ்வளவு பழமையான கல்விச் சிறப்புள்ள வட்டாரத்தில் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2024ஆம் ஆண்டு மே மாதம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபின், கல்லூரி விண்ணப்பம் போடுவதற்காக அப்பா என்னை டவுனுக்கு அழைத்துச் சென்றார். பிரவுசிங் சென்டரில் நீண்ட வரிசை. முறை வந்ததும் அங்கிருந்த அண்ணன், "ஈமெயில் ஐடி இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "சரி, நானே போட்டுடறேன்" என்று என் பெயரோடு நான்கு எண்களைச் சேர்த்து ஒரு நிமிடத்தில் ஒரு முகவரி உண்டாக்கினார். ஓடிபி அப்பாவின் பட்டன் போனுக்கு வந்தது. கடவுச்சொல்லை விண்ணப்ப நகலின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்நகல் வீட்டில் ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக இருந்ததால்தான் அதை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்கு வேண்டியிருந்த ஒன்று என்பதற்கு மேல் அம்முகவரியை நான் நினைத்ததே இல்லை. பின்னர் அண்ணனின் பழைய கைப்பேசி என் கைக்கு வந்தபோது அதில் அண்ணனின் மின்னஞ்சலே இருந்தது.

ஆக, முதலாண்டு முழுவதும் நம் துறை மடல் எனக்கு வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றது. கடவுச்சொல்லைத் தேடி எடுத்துத் திறந்து பார்த்தேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட மடல்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. அவற்றுள் ஒன்று, வங்கித் தேர்வுக்கான இலவசப் பயிற்சி வகுப்பு பற்றியது. அவ்வகுப்பு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவ்வகுப்பில் சேர்ந்த என் தோழியைப் பார்த்து, "உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" என்று அப்போது நான் கோபித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

நான் அக்கறையற்றவளா? கணக்கு அப்படித்தான் சொல்லிற்று. மீதமுள்ள 171 பேரும் அக்கறையற்றவர்கள் என்று எப்படிச் சொல்வேன்?

சித்தப்பாவின் பதிவு மூப்பு

நீண்ட நாள் தொடர்பில்லாத சந்தாதாரரை நீக்குமுன், 'இன்னும் உங்களுக்கு அனுப்பலாமா?' என்று கேட்டு ஒரு மடல் விடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இரண்டு மூன்று முறை கேட்டும் பதில் இல்லையேல் நீக்கிவிடலாம் என்பர். நியாயமாகத்தான் தோன்றுகின்றது. ஆனால், இதே நியாயத்தை எங்கள் வீட்டில் முன்பே ஒருமுறை பார்த்திருக்கின்றேன்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு பற்றி நம் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. பதிவு செய்தால் மட்டும் போதாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும். புதிதாகப் பதிந்து வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும். இதுவும் ஒரு பட்டியல் பராமரிப்புதான். வேலை கிடைத்துப் போனவர், வேலை வேண்டாதவர் ஆகியோரைக் கழித்து, உண்மையாகக் காத்திருப்போரை மட்டும் வைத்துக்கொள்ளும் வழி. என் சித்தப்பா 2011இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பதிவு செய்தார். 2014இல் புதுப்பித்தார். 2017இல் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தார், மறந்துவிட்டார். ஆறாண்டு மூப்பு போயிற்று.

இப்படித் தவறியவர்கள் ஏராளமானோர் என்பதை அரசும் அறியும். 2021ஆம் ஆண்டு மே மாதம், 2017, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கத் தவறியவர்களுக்குச் சிறப்புச் சலுகை அளித்து ஆணை வந்தது. மூன்று மாதத்துக்குள் புதுப்பித்துக்கொண்டால் பழைய மூப்பு அப்படியே கிடைக்கும். எவ்வளவு பெரிய வாய்ப்பு! செய்தித்தாள்களில் வந்தது, இணையத்தில் வந்தது. சித்தப்பாவுக்கு யார் சொன்னது? அவ்வாண்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது டீக்கடையில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். கடைசி நாள் ஆகஸ்டிலேயே போய்விட்டது. "எனக்காகத்தான் போட்டிருக்காங்க, எனக்குத் தெரியலையே" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கின்றது.

நாங்கள் எழுத இருந்த மடலும் அத்தகையதே என்பது எனக்கு அப்போது உறைத்தது. மின்னஞ்சலைத் திறக்காதவரிடம், 'நீங்கள் ஏன் மின்னஞ்சலைத் திறப்பதில்லை?' என்று மின்னஞ்சலிலேயே கேட்பது! பதில் வராது, வராத பதிலைச் சம்மதமாகக் கொண்டு பெயரை அடித்துவிடுவோம். வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரை எடுப்பதற்குக்கூடப் படிவம் 7 என்று ஒன்று உண்டு. அதன்மேல் விசாரணை உண்டு. வங்கியில் இரண்டாண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்கு ஆகின்றது. பத்தாண்டு கேட்பாரற்ற பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகின்றது. ஆனால், உரியவர் என்று வந்து கேட்டாலும் பணம் கிடைக்கும். அவ்வாறு மீண்டும் வரும் கதவு ஒன்று நம் பட்டியலுக்கும் வேண்டும் என்று வாதாடினேன்.

பொறுப்பாசிரியர் அவர்கள் சிரித்தார். "போன் பண்ணிக் கேட்கிறதாக இருந்தால் கேளம்மா. ரீசார்ஜ் யார் பண்ணுவது?" என்றார். பிறகு அவரே பண்ணினார் என்பதையும் எழுதிவிடுகின்றேன்.

செய்த வேலை

முதலில், திரும்பி வந்த மடல்களைப் பார்த்தோம். 61 முகவரிகளிலிருந்து 'அப்படி ஒரு பெட்டி இல்லை', 'பெட்டி நிரம்பிவிட்டது' என்று மடல்கள் திரும்பிக்கொண்டிருந்தன. இவற்றுள் ஒன்பது, பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்றியபோது நேர்ந்த எழுத்துப் பிழைகள். ஜிமெயில் என்பதில் ஒரு எழுத்து இடம் மாறியிருந்தது. அவற்றைத் திருத்தியவுடனே மடல் சென்றது. இரண்டாண்டாக அவர்கள் குற்றவாளிகளாக இருந்திருக்கின்றனர். நிரம்பிவிட்ட பெட்டிகள் வியப்பளித்தன. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தில் அஞ்சல் மட்டுமன்றிக் கைப்பேசிப் படங்களும் சேமிக்கப்படுகின்றன. கல்யாண வீடியோ நிறைந்தால் கடிதம் வாராது. 'பெட்டி இல்லை' என்று வந்தவை பெரும்பாலும் பழைய மாணவர்களுடையவை. இரண்டாண்டு பயன்படுத்தாத தனிக் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. விண்ணப்பத்துக்கென்று பிறந்த முகவரிகள் பல அதில் மறைந்திருக்கும். அந்த 52 முகவரிகளையும் உடனே எடுத்தோம். முகவரியை எடுத்தோமே தவிர ஆளை எடுக்கவில்லை. பெயர்கள் தனித்தாளில் ஏறின.

அடுத்து, பேசாதிருந்த 172 பேருக்கும் வழக்கப்படி கேட்பு மடல் விடுத்தோம். எல்லார்க்கும் ஒரே நாளில் அனுப்பாமல் சிறிது சிறிதாக அனுப்பினோம். அசையாத முகவரிகளுக்கு ஒரே நாளில் குவித்தால் முன்சொன்ன தபால்காரரின் ஐயம் கூடும். அலங்காரம் இல்லை. தலைப்பில் கல்லூரி பெயர், துறை பெயர். உள்ளே தமிழில் மூன்று வரி. 'தொடர்க', 'நிறுத்துக' என்று இரண்டே இணைப்புகள். 'உங்களைக் காணாமல் வாடுகின்றோம்' என்ற பாணியில் எழுதலாம் என்றான் உடன் பணிபுரிந்த நண்பன். பழக்கமில்லாதவர் அப்படி எழுதினால் நமக்கே பயம் வரும் என்று விட்டுவிட்டோம். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை அனுப்பியும் பதில் தந்தவர் 19 பேர். ஐவர் நிறுத்தச் சொன்னார்கள், உடனே நிறுத்தினோம். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் முடியவேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகின்றது.

எஞ்சிய 153 பேரையும் முன்சொன்ன 52 பேரையும் சேர்த்து 205 பெயர்கள். துறைப் பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண்களுக்கு, இரண்டு மாத காலம், மாலை வகுப்பு முடிந்து பேருந்து வரும்வரை, மூவரும் மாறி மாறிப் பேசினோம். இப்பகுதியை மட்டும் எழுதினால் ஒரு தனி நூலாகும்.

ஓர் அக்காவின் எண்ணில் அவருடைய அம்மா எடுத்தார். "அவளக் கட்டிக் குடுத்துட்டோம்மா, வந்தவாசிப் பக்கம். இந்த போனு இப்ப எங்கிட்டதான். என்னா சேதி?" என்றார். குரூப் தேர்வு அறிவிப்பு என்றதும் ஒரு நொடி பேச்சில்லை. பிறகு, "இரு, அவ நம்பரு தரேன். அவ படிக்கணும்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கா" என்றார். திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஆலையில் இரவுப் பணி செய்யும் ஓர் அண்ணன், வாரம் ஒரு மடலைப் படிக்க நேரமில்லை, மாதம் ஒன்றானால் படிப்பேன் என்றார். அன்றே 'மாத மடல்' என்று ஒரு தனிப் பிரிவு வைத்தோம். இன்று அதில் இருப்போர் பலர். ஒருவர், காவல் துறையில் சேர்ந்து ஓராண்டாயிற்று, இனி எனக்கு எதற்கு என்றார். இதைவிட மகிழ்ச்சியான நீக்கம் வேறில்லை. சில எண்களில் வேறு யாரோ எடுத்தார்கள். துண்டிக்கப்பட்ட எண்ணைத் 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. ஓர் எண்ணை எடுத்த பெரியவர், "நான் அந்தப் பையன் இல்லப்பா, ஆனா எனக்கும் ஒரு பேரன் இருக்கான், அவனுக்கு அனுப்பு" என்று முகவரி கொடுத்தார். விதிப்படி சரியா என்று தெரியாமல் விழித்தோம். அப்பேரனே பேசிச் சம்மதம் சொன்னபின் சேர்த்தோம்.

இவ்வாறு 142 பேரை எட்டிப் பிடித்தோம். அவர்களுள் வேண்டாம் என்றவர் நாற்பதுக்கும் குறைவு. மற்றையோர் புதிய முகவரி தந்தனர், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னனர், அல்லது என்னைப்போல் கடவுச்சொல்லைத் தேடி எடுத்தனர். அக்கறையில்லாமல் மௌனமாயிருந்தவர் சிறுபான்மையினரே என்பது எங்கள் பட்டியலளவில் தெளிவு. பெரிய வணிக நிறுவனத்தின் பட்டியலில் இது வேறாக இருக்கலாம். அங்கே ஒவ்வொருவர்க்கும் தொலைபேச இயலாது, தேவையும் இல்லை. புடவைத் தள்ளுபடிச் செய்தி தவறினால் யார் வாழ்வும் கெடாது.

நீக்கப்பட்ட பெயர்களை முற்றிலும் அழித்துவிடவில்லை. 'நிறுத்தச் சொன்னவர்', 'முகவரி இல்லாதவர்', 'எட்ட இயலாதவர்' என்று காரணத்தோடும் தேதியோடும் தனிப் பதிவேட்டில் உள்ளன. இல்லையேல் அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர்கள் பழைய பட்டியலை எடுத்து, வேண்டாம் என்றவருக்கே மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். முதலாண்டு மாணவர்க்குச் சேர்க்கையன்றே ஒரு மடல் அனுப்பி, வகுப்பிலேயே திறக்கச் செய்து, கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தையும் இவ்வாண்டு தொடங்கினோம். அரை மணி நேரம் ஆகின்றது. பாதிப் பேருக்குத் தம் முகவரியே அன்றுதான் தெரிய வருகின்றது.

எஞ்சியோர் 63 பேர். கேட்பு மடலுக்கும் பதில் இல்லை, தொலைபேசியும் கிடைக்கவில்லை. இவர்களுக்கு இனி மடல் போகாது; பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். பெரும்பாலோர் 2019க்கும் 2022க்கும் இடையே சேர்ந்தவர்கள். மரக்காணம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தோர் மிகுதி. அவ்வாண்டுகளில் நம் துறையில் பயின்ற அண்ணனோ அக்காளோ உங்கள் தெருவில் இருந்தால், 'மடல் வருகின்றதா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வரவில்லை என்றால், அவர்களே ஒருமுறை துறைக்குப் பேசினாலும் போதும், ஒரு சீட்டில் முகவரி எழுதி உங்களிடம் கொடுத்தனுப்பினாலும் போதும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் எங்கள் மூவருள் ஒருவர் துறையில் இருப்போம்.